மூன்று பேர் திறமை, ஒரு தொழில்: எந்த ஏற்பாட்டில் சேர்வது?

ஒருவருக்குப் பேட்டர்ன் வரைந்து துணி வெட்ட வரும். இன்னொருவரிடம் தையல் மெஷினும் அதற்கேற்ற கையும் இருக்கிறது. மூன்றாமவர் பொருளைப் படமெடுத்து ஆன்லைனில் போடுவார், வாடிக்கையாளரிடம் பேசுவார், பார்சல் அனுப்புவார். மூவரும் சேர்ந்தால் கேன்வாஸ் பைத் தொழில் ஓடும். தனியாக யாராலும் அதை நடத்த முடியாது.

இப்படிச் சேர்கிறவர்கள் முதல் நாளே ‘ஆளுக்கு எத்தனை சதவீதம்’ என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அது இரண்டாவதாக வர வேண்டிய பேச்சு. எந்த மாதிரி ஏற்பாட்டில் சேர்வது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வேலைக்கு வேலை மாற்றிக்கொள்ளலாம். ஒருவர் ஆர்டர் எடுத்து மற்றவர்களுக்குக் கூலி கொடுக்கலாம். ஆர்டர் வாரியாகப் பங்கு பிரிக்கலாம். பார்ட்னர்ஷிப், கம்பெனி, கூட்டுறவு என்று பதிவு செய்துகொண்டும் தொடங்கலாம். இந்த ஆறில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை நட்பின் நெருக்கத்தை வைத்து முடிவு செய்தால் பிறகு வருந்த வேண்டியிருக்கும். பொதுவில் எவ்வளவு சொத்து உருவாகிறது என்பதைப் பாருங்கள். தொழிலின் பெயர், லேபிள், பேட்டர்ன், வாடிக்கையாளர் பட்டியல், கையிருப்புச் சரக்கு, கடன் ஆகியவை மூவருக்கும் பொதுவாகச் சேர ஆரம்பிக்கும்போதுதான் கட்டு இறுக வேண்டும். அதற்கு முன்பே இறுக்கினால் பிரியும்போது வீண் செலவு. அதற்குப் பிறகும் தளர்வாக விட்டுவைத்தால், எது யாருடையது என்ற சண்டை வரும்.

வேலைக்கு வேலை

பணம் கைமாறாத ஏற்பாடு இது. விற்பவர் தையல்காரருக்கு விற்பனைப் பக்கம் அமைத்துக் கொடுக்கிறார். தையல்காரர் பதிலுக்கு அவருக்கு மாதிரிப் பைகள் தைத்துத் தருகிறார். கையில் காசில்லாமல் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட எளிதான வழி இல்லை.

கணக்கு வைக்க இரண்டு முறைகள் உண்டு. உழைத்த மணியைப் பணம்போல மாற்றிக்கொள்ளும் நேர வங்கிகளில் யாருடைய ஒரு மணி நேரமும் ஒரே மதிப்புதான். இன்னொன்று மதிப்புக்கு மதிப்பு. சுவிட்சர்லாந்தில் 1934இல் தொடங்கிய விர் அமைப்பில் சிறு தொழில்கள் பிராங்குக்கு இணையான தனி அலகு ஒன்றில் தங்களுக்குள் வாங்கி விற்கின்றன. தொழில் என்று வந்தால் இரண்டாவதுதான் ஒத்துவரும். மணிக்கு மணி என்று வைத்தால், வெளியில் அதிக விலை கிடைக்கும் திறமை உள்ளவர் சில மாதங்களில் மெல்ல ஒதுங்கிவிடுவார். அதைக் குற்றம் சொல்லவும் முடியாது.

இதில் கெடுவது பெரும்பாலும் ஒரே இடம்தான். காசு கொடுக்கும் வாடிக்கையாளரின் வேலை முன்னால் போய், கைமாற்று வேலை எப்போதும் கடைசிக்குத் தள்ளப்படும். அதனால் வெளி ஆர்டருக்கு எழுதுவது போலவே தேதி, அளவு, எத்தனை முறை திருத்தம் என்பதை எழுதிவிடுங்கள். இரண்டு திருத்தம் போதும். ஒருவர் மற்றவருக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்று ஒரு எல்லை வேண்டும். 90 நாளுக்குள் ஈடாகாத பாக்கியைப் பணமாகத் தீர்க்க வேண்டும். பல நாடுகளில் இப்படிப் பெற்ற சேவையின் மதிப்பும் வருமானமாகவே கருதப்படுகிறது. ஆகவே இருவரும் முழு விலைக்குப் பில் போட்டு, ஒன்றுக்கொன்று கழித்துக்கொள்வது பாதுகாப்பு.

ஒருவர் எடுத்து நடத்துவது

வாடிக்கையாளரிடம் ஒப்பந்தம் போடுபவர் ஒருவர். மற்ற இருவரும் அவரிடம் பேசிய கூலிக்கு வேலை செய்து தருகிறார்கள். தரம், தேதி, வராத பணம் என எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. எடுத்து நடத்துபவருக்கு லாபம் கூடுதலாகப் போவது இந்தப் பொறுப்புக்காகத்தான்.

இதை மறந்துவிட்டு, ‘வாடிக்கையாளர் கொடுத்ததும் உங்களுக்குக் கொடுக்கிறேன்’ என்று சொல்லும்போது இந்த ஏற்பாடு நியாயம் இழக்கிறது. ஆபத்தைத் தைப்பவர் தலையில் வைத்துவிட்டு லாபத்தை மட்டும் எடுத்து நடத்துபவர் வைத்துக்கொள்ள முடியாது. பணத்துக்காகக் காத்திருக்கச் சொன்னால் லாபத்திலும் பங்கு தர வேண்டும். அதைத் தர மனமில்லையென்றால், ஆர்டர் உறுதியானதும் 40 சதவீதம், பாதி சரக்கு வந்ததும் 40, ஒப்படைத்ததும் 20 என்று தவணை வைத்து, வாடிக்கையாளர் தந்தாலும் தராவிட்டாலும் கொடுத்துவிட வேண்டும். வாடிக்கையாளரிடமும் இதே வரிசையில் அட்வான்ஸ் வாங்கினால் கைப்பணம் முடங்காது.

இன்னொரு சிக்கல். ஒருவருக்கு மட்டுமே, அவர் சொல்லும் நேரத்தில், அவருடைய மெஷினில் தொடர்ந்து வேலை செய்பவரைத் துணை ஒப்பந்தக்காரர் என்று தாளில் எழுதிவைத்தாலும், பல நாடுகளின் தொழிலாளர் சட்டம் அவரை ஊழியராகவே பார்க்கக்கூடும். சம்பள வரி, காப்பீடு எல்லாம் பின்தேதியிட்டு வந்து நிற்கும்.

ஆர்டர் வாரியாகப் பங்கு

தொடங்குகிற மூவருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். நிரந்தரமாக யாரும் யாரோடும் கட்டுப்படுவதில்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் தனிக் கணக்கு, முடிந்ததும் பிரித்துக்கொள்ளலாம். யார் சொன்ன நேரத்தில் முடிக்கிறார், யார் கணக்கைத் திறந்து காட்டுகிறார் என்பதெல்லாம் இரண்டு மூன்று ஆர்டரிலேயே தெரிந்துவிடும்.

ஓர் ஆர்டரைப் பிரித்துப் பார்ப்போம். பணத்தை வெறும் அலகாக எடுத்துக்கொள்ளலாம். 200 பை, பைக்கு 10 அலகு, மொத்தம் 2,000. கேன்வாஸ், ஜிப், நூல், லேபிள் எல்லாம் சேர்த்து 800. பேக்கிங், கூரியர் 90. அடுத்து மெஷின் வாடகை. இதை ஏறக்குறைய எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 600 அலகுக்கு வாங்கிய மெஷின் 6,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்தால் மணிக்கு 0.1. ஒரு பைக்கு அரைமணி நேரம் என்று 200 பைக்கு 100 மணி நேரம் தையல். ஆக வாடகை 10 அலகு. தொகை சிறியதுதான். ஆனால் இதைச் சேர்க்காவிட்டால் தைப்பவர் தன் மெஷினைத் தேய்த்து மற்ற இருவருக்கும் லாபம் தருகிறார் என்றாகும். செலவு மொத்தம் 900 போக மீதி 1,100.

இதில் ஆர்டர் பிடித்தவருக்கு 10 சதவீதம், அதாவது 110. இந்தச் சதவீதத்தைச் செலவு போக மீதியில்தான் கணக்கிட வேண்டும். 2,000இல் கணக்கிட்டால் அவருக்கு 200 போய்விடும். துணி விலை ஏறி பையின் விலையையும் ஏற்ற வேண்டி வந்தால், வேலை செய்யாமலே அவருடைய கமிஷனும் ஏறும். அதே வாடிக்கையாளர் திரும்ப வரும்போது இந்தப் பங்கு 5 சதவீதமாகக் குறையட்டும். வாடிக்கையாளரைத் திரும்ப வரவைத்ததில் தையலுக்கும் பங்கு உண்டு.

அடுத்து 5 சதவீதம், 55 அலகு, பழுது நிதி. அதைத் தொடாமல் 60 நாள் வைத்திருக்க வேண்டும். மிச்சம் 935.

இதை மணிக் கணக்கில் பிரிக்கலாம். வெட்டுவதற்கு 35 மணி, தையல் 100, படம் எடுத்தல், பேச்சு, பேக்கிங் சேர்த்து 35. மொத்தம் 170 மணி, மணிக்கு 5.5 அலகு. வெட்டியவருக்கு 192.5, தைத்தவருக்கு 550, விற்றவருக்கு 192.5. விற்றவர் ஆர்டரும் பிடித்துக் கொடுத்திருந்தால் அவருக்கு மொத்தம் 302.5.

பழுது நிதி எதற்கு என்றால், ஒப்படைத்த பிறகு 12 பைகளில் ஜிப் கழன்று திரும்பி வந்தால் அதைச் சரிசெய்ய யார் உட்காருவார்? நிதி இல்லாவிட்டால் ‘ஜிப் தரம் குறைவு’ என்று தைத்தவரும், ‘தையல் ஓரத்துக்கு மிக நெருக்கமாக ஓடியிருக்கிறது’ என்று ஜிப் வாங்கியவரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நிதி இருந்தால் பைக்கு அரைமணி, ஆறு மணி நேரம், 33 அலகு என்று கொடுத்துவிட்டு, மிஞ்சிய 22ஐ அதே விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாம். காரணத்தைப் பிறகு நிதானமாகத் தேடலாம்.

மணிக் கணக்கில் ஒரு குறை உண்டு: மெதுவாக வேலை செய்பவருக்கு அதிகம் போகும். அதனால் உண்மையில் ஓடிய மணியைக் கணக்கிடாமல், ஆர்டர் தொடங்கும் முன் மூவரும் ஒத்துக்கொண்ட மணியையே கணக்கிடுங்கள். முதலில் ஐந்து பை தைத்துப் பார்த்தால் இந்த எண் கிடைத்துவிடும். வேலை நடக்கும்போது 20 சதவீதத்துக்கு மேல் தாண்டுவது போலத் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். முடிந்த பிறகு சொன்னால் கணக்கில் வராது. திறமைக்கு எடை போட விரும்பினால், அவரவர் மணியைப் பெருக்கும் எண்ணை 1 முதல் 1.5 வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால், குறைந்த எடை உள்ளவர் தன்னைக் கூலியாள் என்று நினைக்கத் தொடங்குவார். அப்படியானால் முந்தைய ஏற்பாட்டுக்கே போய், வெளிப்படையாகக் கூலி பேசிவிடுவது நல்லது.

பேட்டர்ன் விஷயத்தில் இந்தக் கணக்கு தடுமாறும். அட்டையில் பேட்டர்ன் வரைய 15 மணி ஆகிறது. முதல் ஆர்டரில் அந்த 15 மணியைச் சேர்த்தால் லாபம் சுருங்குகிறது. சேர்க்காவிட்டால் வரைந்தவருக்கு நட்டம். ஆனால் அதே பேட்டர்ன் அடுத்த பத்து ஆர்டருக்கும் பயன்படப்போகிறது. இரண்டு வழிகள் உண்டு. மூவரும் சேர்ந்து ஒரே தொகைக்கு அதை வாங்கிப் பொதுச் சொத்தாக்கிக்கொள்ளலாம். அல்லது வரைந்தவரிடமே விட்டுவிட்டு, ஒவ்வொரு பைக்கும் 0.1 அலகு போலச் சிறு தொகை தரலாம். ஒன்றும் எழுதாமல் விட்டால், ஊழியராக இல்லாமல் உருவாக்கியவருக்கே உரிமை என்பதுதான் பல நாடுகளின் பதிப்புரிமைச் சட்டம். காசு கொடுத்ததால் மட்டும் உரிமை மாறிவிடாது. எழுதிக் கொடுக்க வேண்டும். பொருட்களின் புகைப்படம், லோகோ, இணையதளக் குறியீடு எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். மூலக் கோப்புகள் யார் கணினியில் இருக்கின்றன என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

பார்ட்னர்ஷிப்

தொடங்குவது எளிது, செலவும் குறைவு. ஆனால் கடன் பொறுப்புக்கு வரம்பு கிடையாது. சாதாரணக் கூட்டுத் தொழிலில் ஒரு பார்ட்னர் தொழிலின் பெயரில் துணிக்குக் கடன் சொன்னால், மற்ற இருவரும் அதற்குப் பொறுப்பு. கடன் கொடுத்தவர் மூவரில் யாரிடம் பணம் இருக்கிறதோ அவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம். வரம்புள்ள பொறுப்பு கொண்ட பார்ட்னர்ஷிப் வகை பல நாடுகளில் இருக்கிறது. கிடைக்குமானால் அதையே எடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பதிவு செய்யாமலே பார்ட்னர்ஷிப் உருவாகிவிடலாம். சேர்ந்து தொழில் செய்து லாபத்தையும் பகிர்ந்துகொண்டால், வாய்ப்பேச்சாக இருந்தாலும் சட்டம் அதைக் கூட்டாண்மையாகப் பார்க்க இடமுண்டு. இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தியாவின் 1932ஆம் ஆண்டுச் சட்டமும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபம் சமபங்கு என்கின்றன. 100 மணி உழைத்தவருக்கும் 35 மணி உழைத்தவருக்கும் சமம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள், ஆனால் எழுதாமல் விட்டால் அங்கேதான் போய் நிற்கும். அதனால்தான் ஆர்டர் வாரி ஏற்பாட்டிலும், ‘இது இந்த ஆர்டருக்கு மட்டும்; ஒருவர் மற்றவர் பெயரில் கடன் வாங்கவோ ஒப்பந்தம் போடவோ முடியாது’ என்ற வரி அவசியம்.

இருவர் மட்டும் என்றால் 50-50 இன்னொரு பொறி. கருத்து வேறுபட்டால் தொழில் அப்படியே நின்றுவிடும். பங்கைச் சமமாகவே வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் உரிமையைத் துறை வாரியாகப் பிரிக்கலாம்: விலையில் விற்பவரின் சொல், தரத்தில் தைப்பவரின் சொல் கடைசி. குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவு, புதிய ஆள், கடன் ஆகிய மூன்றுக்கு மட்டும் எல்லோரின் ஒப்புதலும் தேவை என்று வைத்தால் போதும்.

கம்பெனி

கடன் வாங்கவும், வெளியிலிருந்து முதலீடு எடுக்கவும், தொழிலின் பெயர் தனித்து நிற்கவும் கம்பெனிதான் சரி. தொழிலின் கடன் பொதுவாகப் பங்குதாரரின் சொந்தச் சொத்துக்குப் போகாது. தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் போகும். ஆண்டுக் கணக்குத் தாக்கல், தணிக்கை, வங்கி நடைமுறை என்று தொடர் செலவுண்டு. மாதம் இரண்டு ஆர்டருக்கு இது அதிகம்.

சேருகிறவர்கள் கவனிக்க வேண்டியது பங்கு எப்போது முழுதாகச் சொந்தமாகிறது என்பதை. முதல் நாளே முழுப் பங்கையும் கொடுத்துவிட்டால், ஆறாவது மாதம் விலகுகிறவர் 40 சதவீதத்தோடு போய்விடுவார். மீதி இருவரும் ஆண்டுக்கணக்கில் அவருக்காகவும் உழைக்க வேண்டும். புதிய கம்பெனிகளில் வழக்கமாக வைப்பது 4 ஆண்டு, அதில் முதல் ஆண்டு முடியும்வரை ஒன்றும் சேராது. முடிந்ததும் அந்த ஆண்டுக்கான கால் பங்கு மொத்தமாகச் சேரும், அதன்பின் மாதாமாதம் சேரும். 40 சதவீதம் பேசியவர் 18ஆவது மாத முடிவில் விலகினால் 48இல் 18 பங்கு, அதாவது 15 சதவீதம் அவருடையது. மீதி 25 கம்பெனிக்குத் திரும்பும்.

கூட்டுறவு

ஆளுக்கு ஒரு வாக்கு என்பது இதன் அடிப்படை. யார் போட்ட முதல் அதிகம் என்பதைப் பார்ப்பதில்லை. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் தொடங்கிய கடை, உபரியை ஒவ்வொருவரும் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பிரித்தது. அது நுகர்வோர் கூட்டுறவு. திறமையைச் சேர்த்துத் தொழில் நடத்துகிறவர்களுக்குத் தொழிலாளர் கூட்டுறவுதான் பொருந்தும். அங்கே உபரி உழைப்புக்கு ஏற்பப் போகும். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 1956இல் தொடங்கிய மோன்ட்ராகோன் கூட்டுறவுகளில் உறுப்பினரின் பங்கு உபரி பெரும்பாலும் ரொக்கமாகக் கைக்கு வராமல் அவருடைய தனிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. தொழிலுக்கு முதலும் கிடைக்கிறது, உறுப்பினரின் கணக்கும் வளர்கிறது. சிறு குழுக்களும் இந்தத் தனிக் கணக்கு முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கூட்டுறவாகப் பதிவு செய்யாதவர்களுக்கும் இது உதவும்.

மூன்று பேருக்குக் கூட்டுறவு கனமானது. குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை நாட்டுக்கு நாடு வேறுபடும்; கூட்டக் குறிப்பு, தேர்தல், தணிக்கை என்று வேலையும் உண்டு. பத்துப் பேருக்கு மேல் ஒரே மாதிரி வேலை செய்து, மெஷின்களும் இடமும் பொதுவாக இருக்கும்போது இதற்கு இணையாக எதுவும் இல்லை. விற்பவர் ஒருவரும் தைப்பவர் பத்துப் பேரும் இருக்கிற இடத்தில் பேரம் பேசும் வலிமையைச் சமமாக்குவது இதுதான்.

பிரிவுக்கு எழுதிவைக்க வேண்டியது

எந்த ஏற்பாடானாலும் பிரிவு வரும்போது மூன்று பொருளில்தான் முட்டும்: வாடிக்கையாளர் பட்டியல், கணக்குகளின் கடவுச்சொல், பாதியில் நிற்கும் ஆர்டர். வாடிக்கையாளரை அழைத்து வந்தவர் கூட்டிக்கொண்டு போகலாம்; கூட்டாக வந்தவர்களை 12 மாதம் யாரும் தனியாக அணுகக் கூடாது. விற்பனைப் பக்கம், மின்னஞ்சல், இணைய முகவரி மூன்றும் ஒருவருடைய சொந்தத் தொலைபேசி எண்ணில் பதிந்திருந்தால் தொழிலே அவர் கையில் என்று அர்த்தம். பொது மின்னஞ்சலில் பதிந்து, குறைந்தது இருவரிடம் அணுகல் இருக்கட்டும். விலகுவதற்கு 30 நாள் முன்னறிவிப்பு. எடுத்த ஆர்டரை முடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் வேறு ஆள் வைக்கும் கூலி அவர் பங்கிலிருந்து கழியும்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது

ஆர்டர் வாரி ஏற்பாட்டில் தொடங்கினால், எப்போது பதிவு செய்ய வேண்டும் என்பதைத் தொழிலே காட்டும். ஆர்டர் வருமுன்பே துணி வாங்கி இருப்பு வைக்கிறீர்களா, இடத்துக்கு வாடகை ஒப்பந்தம் போடுகிறீர்களா, மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறீர்களா, கடன் வாங்குகிறீர்களா? இவற்றில் ஒன்று வந்தாலே வரம்புள்ள பொறுப்பு கொண்ட ஏதாவது ஒரு வடிவத்துக்கு மாறுங்கள். இவை எதுவும் இல்லாமல் இரண்டு ஆண்டு ஓடினாலும் பதிவுக்கு அவசரமில்லை.

மாறும் நாளில் பங்கை எப்படிப் பிரிப்பது என்பதற்குப் பழைய ஆர்டர் நோட்டே போதும். கூலி வாங்கிய மணிக்குப் பங்கு கிடையாது. அந்தக் கணக்கு அன்றே தீர்ந்துவிட்டது. வாங்காமல் விட்ட மணி மட்டும்தான் பங்காக மாறும்: பேட்டர்ன் வரைந்த 15 மணி, விற்பனைப் பக்கம் அமைத்த 25 மணி, மாதிரி தைத்துப் பிரித்த 20 மணி. ஆக 60 மணியில் 15, 25, 20. யாராவது பணம் போட்டிருந்தால் அதையும் மணிக்கு 5.5 என்ற அதே விலையில் வகுத்து அவர் மணியோடு சேர்த்துவிடுங்கள். பிறகு அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூவரும் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, பதிவு விண்ணப்பத்தில் அந்த எண்களையே நிரப்புங்கள்.